ஒரு 'ரன்', எத்தனை ஓட்டம்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. தமிழ் மீடியத்தில் படித்தவள். பையர் (சரக்கு வாங்குபவர்) அனுப்பும் மெயிலில் 'ரன்' (run) என்ற சொல்லைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. 'ரன் இட் பை மீ ஃபர்ஸ்ட்' என்று வந்ததை, சீக்கிரம் அனுப்பச் சொல்கிறார் என்று நினைத்து சாம்பிளை கூரியரில் போட்டுவிட்டேன். நல்ல திட்டு. இதன் எல்லா அர்த்தங்களையும் எப்படி மனப்பாடம் செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மனப்பாடம் செய்யும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக இந்த வினைச்சொல்லைத் திருத்தி எழுதிய பீட்டர் கில்லிவர், அதில் 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார். இந்த ஒரு சொல்லுக்கே அவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. (வீட்டில் 'இன்றைக்கு ஆபீஸில் என்ன வேலை?' என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பாரோ.)

ஆனால் பாதி விஷயம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தமிழில் ஓடு வேறு, ஓட்டு வேறு. மெஷின் ஓடுகிறது, ஆபரேட்டர் மெஷினை ஓட்டுகிறார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ரன்தான். அதனால் எதை, யாரை என்று கேட்டால் வாக்கியத்தில் பதில் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் யாரோ ஒன்றை நடத்துகிறார்கள், இல்லாவிட்டால் ஏதோ ஒன்று தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கிறது. 'ஷி ரன்ஸ் தி ஃபேக்டரி' என்றால் தொழிற்சாலையை அவர் நடத்துகிறார். 'ரன் எ டெஸ்ட்' என்றால் சோதனை செய்து பார். 'ரன் தி நம்பர்ஸ்' என்றால் கணக்குப் போட்டுப் பார். நாமும்தான் படம் ஓடுது, தறி ஓடுது, ஏதோ குடும்பத்தை ஓட்டுறோம் என்கிறோம். அங்கெல்லாம் யாரும் கால் எங்கே என்று தேடுவதில்லை.

இந்த வழி கைகொடுக்காத இடங்கள் உங்கள் தொழிலிலேயே இருக்கின்றன. 'தி கலர் ரன்ஸ்' என்று பையர் எழுதினால் சாயம் போகிறது, துவைத்தால் பக்கத்துத் துணியில் ஏறுகிறது என்று பொருள். உடனே சாயப்பட்டறைக்குப் போன் போடவேண்டிய வாக்கியம் அது. 'திஸ் ஸ்டைல் ரன்ஸ் ஸ்மால்' என்றால் லேபிளில் மீடியம் என்று இருந்தாலும் போட்டால் இறுக்கிப் பிடிக்கிறது என்கிறார், அளவுகளைத் திரும்பச் சரிபாருங்கள். ஸ்டாக்கிங்ஸில் கண்ணி விட்டுக் கோடாகப் பிரிந்து போவதை அமெரிக்கர் 'ரன்' என்பார், பிரிட்டிஷ்காரர் 'லேடர்' என்பார். தேர்தலிலும் இதே கதைதான். அமெரிக்க வேட்பாளர் 'ரன்' பண்ணுவார், பிரிட்டனில் 'ஸ்டாண்ட்' பண்ணுவார். நாம் தேர்தலில் நிற்கிற ஆட்கள்.

அடுத்தது, உங்களை மாட்டிவிட்ட வகை. பின்னால் பை, இன்டு, த்ரூ, அவுட் ஆஃப் என்று ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டால் ஓடுவும் உதவாது, ஓட்டுவும் உதவாது. முழுதாக ஒரே சொல்லாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 'ரன் இட் பை மீ' என்றால் என்னிடம் காட்டி அபிப்பிராயம் கேள் என்று பொருள். 'ரன் அவுட் ஆஃப்' தீர்ந்துபோவது, கிரிக்கெட் ரன் அவுட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 'ரன் த்ரூ' என்பது ஒரு பட்டியலை வேகமாக ஒருமுறை பார்த்துவிடுவது. 'ரன் இன்டு' என்பதில் பின்னால் வருவது ஆள் என்றால் எதேச்சையாகச் சந்தித்தார்கள், பிரச்சினை என்றால் மாட்டிக்கொண்டார்கள், சுவர் என்றால் வண்டி போய் மோதியது.

இப்படிச் சின்னச் சொல் ஒட்டிய வினைகளுக்கென்று விற்கும் 'ஆயிரம் ஃபிரேசல் வெர்ப்' புத்தகங்களை வாங்காதீர்கள். அதில் பாதி உங்கள் மெயிலுக்கு வரவே வராது. வந்த மெயில்களைத் தேடிப் பார்த்து, 'ரன்' இருக்கும் வாக்கியத்தை முழுசாக ஒரு நோட்டில் எழுதுங்கள், பக்கத்தில் என்ன செய்யச் சொன்னார்கள் என்பதைத் தமிழில் எழுதுங்கள். ஒரு சீசன் ஆர்டர் முடிவதற்குள் அடிக்கடி வருபவை பிடிபட்டுவிடும்.

நீங்கள் எழுதும் பதிலில் இப்போதைக்கு 'ரன்' வேண்டாம். 'செக்', 'சென்ட்', 'ஃபினிஷ்' போதும், எந்த பையரும் குறை சொல்லமாட்டார். பழகிய பிறகு 'வி ஆர் ரன்னிங் லேட்', அதாவது எங்களுக்குத் தாமதமாகிறது, என்பதில் ஆரம்பிக்கலாம். ஏற்றுமதித் தொழிலில் அதற்குத் தேவை வராமல் போகாது.