ப்ளோயர் அதிர்கிறது, லேசரை எங்கே அடிப்பது?

கேள்வி: குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) நடத்துகிறேன். போர்மாவுக்கு (முந்திரிப் பருப்பை உலர்த்தும் அறை) சூடான காற்று தள்ளும் 10 எச்.பி. ப்ளோயர் (நிமிஷத்துக்கு 1440 சுற்று, மோட்டார் ஷாஃப்டோடு நேரடி இணைப்பு, அதாவது கப்ளிங்) ரொம்ப அதிர்கிறது. ஒரே வருஷத்தில் இரண்டு தடவை பேரிங் மாற்றியாச்சு. ஓடும் ஷாஃப்டிலேயே லேசரை அடித்து, தொடாமல் அளக்கலாம் என்கிறார் ஒருவர். வரச்சொல்லலாமா?

பதில்: அவர் கையில் இருப்பது எந்த லேசர் என்று முதலில் கேளுங்கள். மினுங்கும் ஸ்டிக்கர் ஒட்டிச் சுற்றை எண்ணுவதும் லேசர்தான், கப்ளிங் நேர்கோட்டில் நிற்கிறதா என்று பார்ப்பதும் லேசர்தான். அதிர்வை அளப்பது லேசர் வைப்ரோமீட்டர். விலை பல லட்சம்.

இரணியல் ஸ்டேஷனில் நிற்காமல் போகும் ரயிலின் ஊதல், நெருங்கும்போது ஏறியும் கடந்ததும் இறங்கியும் கேட்குமே, ஒளிக்கும் அதே கதிதான். சிவப்பு லேசர் விநாடிக்குச் சுமார் 474 லட்சம் கோடி முறை துடிக்கிறது. பட்ட இடம் விநாடிக்கு 1 மில்லிமீட்டர் வேகத்தில் அசைந்தால், திரும்பி வரும் ஒளியில் 3,160 துடிப்பு கூடும், அல்லது குறையும். அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிடிப்பதுதான் கருவியின் சாமர்த்தியம்.

வில்லங்கம் ஷாஃப்டில் இருக்கிறது. சொரசொரப்பான இரும்பில் பட்ட லேசர், மணல் தூவியது போல் வெளிச்சப் புள்ளிகளாகத்தான் திரும்பும். ஷாஃப்ட் சுற்றினால் புள்ளிகளும் ஓடும். அதையும் கருவி அதிர்வென்றே எண்ணும். அதே கீறல் ஒவ்வொரு சுற்றுக்கும் திரும்ப வருவதால் இந்தப் பொய்யும் சுற்றுக்கு ஒருமுறை வரும். உங்கள் ப்ளோயர் விநாடிக்கு 24 சுற்று என்பதால் அது 24 ஹெர்ட்ஸிலும் (விநாடிக்கு 24 முறை) அதன் மடங்குகளான 48, 72-லும் தெரியும். பேலன்ஸ் கோளாறு தெரிவதும் 24-ல்தான், கப்ளிங் கோணல் பெரும்பாலும் தெரிவது 48-ல்தான். நல்ல ஷாஃப்டுக்கும் நோய் இருப்பதாகக் காட்டிவிடும்.

ஆகவே பேரிங்கைத் தாங்கி நிற்கும், சுற்றாத பேரிங் பிளாக்கில் அடிக்கச் சொல்லுங்கள். லேசர் கருவியின் முக்காலி அதே அதிரும் தரையில் நின்றால் அதன் ஆட்டமும் கணக்கில் சேரும். லேசரை அசையாத சுவர்ப்பக்கம் திருப்பினால் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

ஆனால் பிளாக் கைக்கு எட்டுமென்றால் லேசரே வேண்டாம், காந்தத்தில் ஒட்டும் சென்சார் போதும். ஆரல்வாய்மொழிக் காற்றாலையின் இறகு மாதிரி, சென்சார் ஒட்ட முடியாத இடத்துக்குத்தான் அந்தச் செலவு தகும்.

அதற்கும் முன்னால், மெயினை அணைத்துப் பூட்டிவிட்டு ப்ளோயர் மூடியைத் திறங்கள். பருப்புத் தோல் தூளும் முந்திரித் தோட்டிலிருந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து இறகுகளில் கறுப்புப் பொருக்காகப் படிந்திருக்கும். ஓர் இறகில் உதிர்ந்து எதிர் இறகில் மிஞ்சினால் அதுவே பேரிங்கைத் தின்ன போதும். கம்பி பிரஷ்ஷால் எல்லா இறகையும் சுரண்டி, அடி போல்ட்டுகளை முறுக்கிவிட்டு அளந்து பாருங்கள். இந்த அளவு இயந்திரத்துக்குப் ஐ.எஸ்.ஓ. 10816 என்ற பழைய சர்வதேச அதிர்வுத் தரக் கணக்கில் விநாடிக்கு 1.8 மில்லிமீட்டர் வரை பயமில்லை, 4.5-ஐத் தாண்டினால் ஓட்டக்கூடாது. சுத்தம் செய்த பிறகும் 48 ஹெர்ட்ஸில் ஏறி நின்றால், வரச்சொல்ல வேண்டியது கப்ளிங் பார்க்கும் லேசர்க்காரரை.