கொல்லையில் ஆரஞ்சு வைக்கலாமா?

கேள்வி: மேடவாக்கத்தில் சொந்த வீடு. பின்னால் 20க்கு 15 அடி காலி இடம் இருக்கிறது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸில் என் தம்பி இருக்கிறான். அவன் வீட்டுக் கொல்லையில் ஆரஞ்சும் எலுமிச்சையும் காய்த்துக் குலுங்குகின்றன. பாலைவனத்திலேயே வரும் என்றால் சென்னையில் வராதா? செடி கொண்டுவந்து தரும் ஒருவர் நாக்பூர் ஆரஞ்சு, மால்டா, சாத்துக்குடி, விதையில்லா எலுமிச்சை, பம்பளிமாஸ் ஆகிய ஐந்தும் ஒட்டுச்செடிகள், 4,500 ரூபாய், குழி எடுத்து செம்மண் போட்டு நட்டும் தருகிறேன் என்கிறார். 500 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறேன். போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1,150. எதை வைக்கலாம்?

பதில்: அந்த ஐந்துமே வேண்டாம். ஒரு நாட்டு எலுமிச்சை வையுங்கள். எதிர்மூலையில் நல்ல வெயில் படுமென்றால் ஒரு நாரத்தையும் வைக்கலாம். உங்கள் இடத்துக்கு அவ்வளவுதான். தோப்பில் எலுமிச்சைக்கு ஐந்து ஆறு மீட்டர் இடைவெளி விடுகிறார்கள். 20க்கு 15 அடியில் ஐந்து மரம் வைத்தால் மூன்றாம் வருடம் உள்ளே நுழைய முடியாத முள் புதராகிவிடும். இதைத் தெரிந்துகொண்டே ஐந்து செடி விற்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

தம்பி வீட்டு ஆரஞ்சுக்கு வருகிறேன். பாலைவனம் என்றால் நமக்கு வெயில் மட்டும்தான் கண்ணில் தெரிகிறது. அங்கே காற்று காய்ந்திருக்கும், குளிர்கால இரவுகள் நன்றாகக் குளிரும். ஆரஞ்சுத் தோல் நிறம் மாறுவதற்கு இரவில் சுமார் 13 டிகிரிக்கு இறங்குகிற குளிர் வேண்டும். ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகரில் கின்னோ ஆரஞ்சு அவ்வளவு நன்றாக வருவதற்கும் அந்தக் குளிர்தான் காரணம், கூடவே கால்வாய்த் தண்ணீர். சென்னையில் மார்கழி இரவே 20 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கிறது. இங்கே கமலா ஆரஞ்சு காய்த்தாலும் நிறம் ஏறாது, சுவையும் சப்பென்றிருக்கும். நம் கமலா ஆரஞ்சின் இடம் தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்ப்பழனி மலை ஊர்கள். சமவெளிக்கு அதை இறக்காதீர்கள்.

சரி, எலுமிச்சை இங்கே எதனால் சாகிறது? கத்திரி வெயிலால் இல்லை. 2003 மே கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. தண்ணீர் கிடைத்த எலுமிச்சை அதையும் தாங்கும். அதற்கு எமன் ஐப்பசி, கார்த்திகை. வேரைச் சுற்றிச் சில நாள் தண்ணீர் நின்றால் வேர் அழுகும், அடித்தண்டில் பட்டை வெடித்துப் பிசின் வடியும். அப்போது மரம் பச்சையாகத்தான் நிற்கும். தை, மாசியில் திடீரென்று இலை கொட்டும். நீங்கள் வெயிலைக் குறை சொல்வீர்கள், மருந்துக் கடைக்காரர் ஏதாவது ஒரு பாட்டிலைக் கொடுப்பார்.

ஆகவே அந்த ஆளைக் குழி மட்டும் எடுக்க விடாதீர்கள். இதை நான் பார்க்கிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பகுதி பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டியது, களிமண் அதிகம். களிமண்ணில் மூன்றடி குழி எடுத்து செம்மண்ணும் தேங்காய் நார்த்தூளும் நிரப்பினால் அது ஒரு தொட்டி. சுற்றியுள்ள மழைத் தண்ணீர் முழுவதும் அதற்குள் இறங்கும், வெளியேற வழி இருக்காது. வாங்கிய செம்மண் காசும் சேர்ந்து அழுகும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். இரண்டடி ஆழத்துக்கு ஒரு சின்னக் குழி எடுத்து, தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அங்கே குழி நடவு கிடையாது. தரைக்கு மேல் ஒன்றரை அடி உயரம், ஐந்தடி அகலத்துக்கு மேடு போட்டு அதில்தான் நட வேண்டும். குழி எடுக்கும்போது செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும் வருகிறதா என்று பாருங்கள். வீடு கட்டியபோது மிஞ்சிய ரப்பிஷைக் கொல்லையில் பரப்பி மேலே ஒரு அடி மண் போடுவது இந்த ஊர் வழக்கம். அந்தச் சுண்ணாம்பில் இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். ரப்பிஷை அள்ளி வெளியே போட்ட பிறகுதான் மற்ற எதுவும்.

அடுத்தது தண்ணீர். எலுமிச்சை இனம் உப்பைத் தாங்காது. டிடிஎஸ் 700 தாண்டினாலே கவனம் வேண்டும், உங்களுடையது 1,150. அதை மட்டுமே ஊற்றினால் இலை நுனி கருகத் தொடங்கும். இதைவிட மோசம் ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீர். வீணாகிறதே என்று குழாயைச் செடிப்பக்கம் திருப்பிவிடுகிறார்கள். சுத்தமான தண்ணீரை நீங்கள் குடித்துவிட்டு, அதிலிருந்து பிரித்த உப்பையும் சேர்த்து மரத்துக்குக் கொடுக்கிறீர்கள். அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, அதைப் பிடித்து ஊற்றலாம். மெட்ரோ லாரித் தண்ணீர் வாங்கினால் போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து விடுங்கள். மாடியிலிருந்து வரும் மழைக்குழாயில் ஒரு கிளையை மேட்டின் ஓரத்துக்குத் திருப்பினால் கோடையில் சேர்ந்த உப்பை மழை அடித்துக்கொண்டு போகும். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் பல வீடுகளில் குழாய் நேரே தெருக் கால்வாயில்தான் முடிகிறது. வந்து பார்க்க ஆளில்லை.

இப்போது அந்த 4,500 ரூபாய். ஒட்டுச்செடி என்ற வார்த்தையைக் கேட்டதும் நாம் மயங்கிவிடுகிறோம். போன வருடம் பெரும்பாக்கத்தில் ஒரு வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். சாத்துக்குடி ஒட்டு என்று வாங்கி நான்கு வருடம் வளர்த்த மரம், முதல் காய்ப்பு. காயைக் கையில் வாங்கினேன். தோல் தடித்து, மேடு பள்ளமாக, காம்புப் பக்கம் சுருங்கிக் கிடந்தது. நறுக்கினால் முக்கால்வாசி வெள்ளைத் தோல், சாறு கொஞ்சம், அதுவும் வெறும் புளிப்பு. தரையருகே உட்கார்ந்து மண்ணை விலக்கினேன். ஒட்டுக் கட்டிய பிளாஸ்டிக் பட்டி இன்னும் அவிழ்க்கப்படாமல் பட்டைக்குள் புதைந்திருந்தது. அதற்கு மேலே சுண்டுவிரல் தடிமனில் ஒரு காய்ந்த குச்சி, அதுதான் சாத்துக்குடி. கீழேயிருந்து கிளம்பிய ஜம்பேரி, அதாவது ஒட்டுக்கு அடிச்செடியாக வைக்கும் காட்டு எலுமிச்சை, எட்டடி மரமாக நின்றது. அந்த அம்மா நான்கு வருடம் எரு போட்டு அதை வளர்த்திருக்கிறார். விற்றவர் தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டார்.

ஒட்டுச்செடி வாங்குவதானால் ஒட்டுக்குக் கீழே ஒரு துளிரும் இருக்கக் கூடாது, நட்ட பிறகு வந்தால் அன்றைக்கே கிள்ள வேண்டும். ஒட்டு மண்ணுக்கு மேல் அரை அடியாவது இருக்க வேண்டும். அப்புறம், சின்னப் பையில் பழத்தோடு வருகிற "நாக்பூர் ஆரஞ்சு". இரண்டடிச் செடியில் கோலிக்குண்டுபோல இருபது பழம் தொங்கினால் அது நாக்பூர் ஆரஞ்சே இல்லை, அழகுக்கு வைக்கும் சீன ஆரஞ்சு. கடித்தால் பல் கூசும். பழத்தைக் காட்டி விற்கிற செடியில் வேர் பைக்குள் சுருண்டு சுருண்டு கிடக்கும். பையின் அடியைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

நான் நாட்டு எலுமிச்சை என்றேன், அதிலும் விதையில் வளர்த்த கன்று. "பழமரம் என்றால் ஒட்டுதானே வாங்கணும்?" என்று கேட்பீர்கள். மாமரத்துக்கு அது சரி. எலுமிச்சை இதில் விதிவிலக்கு, இதைக் கொஞ்சம் நின்று புரிந்துகொள்ளுங்கள். ஒரு எலுமிச்சை விதையை ஊன்றினால் பெரும்பாலும் இரண்டு மூன்று முளை வரும். அதில் ஒன்றுதான் மகரந்தம் சேர்ந்து உண்டானது. மற்றவை தாய் மரத்தின் சொந்தத் திசுவிலிருந்தே வளர்பவை, அச்சு அசல் தாயைப் போலவே இருக்கும். நாற்றங்காலில் நோஞ்சானாகவும் மாறுபட்டும் இருப்பதைப் பிடுங்கிவிட்டு ஒரே சீராக வளர்பவற்றை வைத்துக்கொண்டால் தாயின் குணம் தப்பாது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 ரகமும் தென்காசிப் பக்கம் கடையம் நாட்டு எலுமிச்சையிலிருந்து இப்படித் தேர்ந்தெடுத்ததுதான். சொந்த வேரில் நிற்பதால் அடியில் எந்தத் துளிர் வந்தாலும் அதுவும் எலுமிச்சையே. பெரும்பாக்கம் கதை இதில் நடக்காது. இதையே எல்லாவற்றுக்கும் நீட்டிவிடாதீர்கள். பம்பளிமாஸ் விதையில் ஒரே முளைதான், அது தாயைப்போல வராது. சாத்துக்குடி விதை தாயைப்போல வரும், ஆனால் காய்க்க ஏழெட்டு வருடம் காத்திருக்க வேண்டும், அதனால்தான் அதை ஒட்டுகிறார்கள். எலுமிச்சைக் கன்று மூன்று நான்கு வருடத்தில் காய்க்கத் தொடங்கும். முள் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வேரழுகலும் இதைத் தாக்கும், அதற்காகத்தான் மேட்டைப் பற்றி அவ்வளவு சொன்னேன்.

ரகம்: பி.கே.எம். 1 கேளுங்கள். மழைக்காலத்தில் இலையிலும் காயிலும் சொரசொரப்பான பழுப்புப் புள்ளி விழும் சொறி நோய் உங்கள் தெருவில் அதிகம் என்றால், திருப்பதி ஆராய்ச்சி நிலையத்தின் பாலாஜி ரகம் ஓரளவு தாங்கும். நாரத்தைக்கு ரகம் தேட வேண்டாம். ஊறுகாய்க்கு யார் வீட்டுக் காய் நன்றாக இருக்கிறதோ அந்த மரத்திலிருந்து எடுத்த கன்று போதும். கொழுந்து இலை வேப்பிலைக்கட்டிக்கு ஆகும்.

எங்கே வாங்குவது? அரசுத் தோட்டக்கலைப் பண்ணையில் விலை குறைவு, ரகமும் நம்பலாம். ஆனால் நான் ஒரு பண்ணைக்கு மூன்று தடவை போனேன். ஒரு தடவை கன்று தீர்ந்துவிட்டது, ஒரு தடவை பில் போடுகிறவர் இல்லை, மூன்றாவது தடவை கிடைத்த பையில் ரகத்தின் பெயரே இல்லை. பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் தயாரித்த நாள் போடச் சொல்கிறார்கள். இருபது வருடம் வீட்டில் நிற்கப் போகிற மரத்தின் பையில் பெயரும் இல்லை, தாய் மரமும் இல்லை, தேதியும் இல்லை. தேசியத் தோட்டக்கலை வாரியம் நாற்றங்கால்களுக்கு நட்சத்திரத் தரம் கொடுக்கிறது. அது விருப்பப்பட்டு விண்ணப்பிப்பவர்களுக்கு மட்டும். வீட்டு வாசலில் வண்டியில் விற்பவர் எதற்கு விண்ணப்பிப்பார்? ஆகவே எங்கே வாங்கினாலும் ரகத்தின் பெயரை எழுதிய ரசீது கேளுங்கள்.

நடுவதற்குப் பொங்கல் கழிந்த தை மாதம் நல்லது. சுவரிலிருந்து பத்தடி தள்ளி நட முடியாவிட்டாலும் செப்டிக் டேங்கை ஒட்டி நடாதீர்கள். அடித்தண்டைத் தண்ணீர் தொடாதபடி ஓரடி தள்ளி வட்டப் பாத்தி கட்டுங்கள். மேற்கு வெயில் நேரே படும் இளம் தண்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம். உங்கள் தம்பி ஊரிலும் வெள்ளை பூசித்தான் பட்டை வெடிக்காமல் காப்பாற்றுகிறார்கள். கொழுந்தில் பறவை எச்சம்போல ஒன்று ஒட்டியிருந்தால் அது வண்ணத்துப்பூச்சிப் புழு. இரண்டு மரத்துக்கு மருந்தெல்லாம் வேண்டாம், கையால் எடுத்துப் போடுங்கள்.

அந்த 500 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். தர மாட்டேன் என்றால் அதற்கு ஈடாகச் செம்பருத்தியோ மல்லிகையோ வாங்கிக்கொள்ளுங்கள். கறிவேப்பிலை கொடுத்தால் மட்டும் வாங்காதீர்கள். அதுவும் எலுமிச்சைக் குடும்பம்தான், இந்தப் புழுவும் சாறு உறிஞ்சும் பூச்சியும் இரண்டுக்கும் மாறி மாறிப் போகும். ஏற்கெனவே கொல்லையில் கறிவேப்பிலை இருந்தால் எலுமிச்சையை அதிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரத்தில் நடுங்கள்.