அரை ஆம்பியரின் கணக்கு: சைக்கிள் டைனமோ பற்றி வாசகர் கேள்வி–பதில்

முன்சக்கரத்தின் நடுவிலேயே (ஹப்பில்) உட்காரும் ஹப் டைனமோ போட்டிருக்கிறேன். மேலே 6 வோல்ட், 3 வாட் என்றுதான் அச்சிட்டிருக்கிறது. சக்கரத்தைத் தூக்கிக் கையால் வேகமாகச் சுற்றி மல்டிமீட்டர் வைத்தால் 20 வோல்ட் காட்டுகிறது. டைனமோ பழுதா? (மன்னார்குடி வாசகர்)

பழுதில்லை. இந்த ஒன்று புரிந்துவிட்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

ஹப் டைனமோவை பேட்டரி மாதிரி நினைக்கக் கூடாது. பேட்டரி வோல்ட்டேஜை நிலையாக வைத்துக்கொண்டு, கேட்கிற கரண்டைக் கொடுக்கும். டைனமோ நேர்மாறு. சுமாரான வேகத்துக்கு மேல் அது கரண்டை ஏறத்தாழ அரை ஆம்பியரில் நிறுத்திவிடும். வோல்ட்டேஜை முடிவு செய்வது நீங்கள் மாட்டும் சுமைதான், அதாவது விளக்கு, போன் போன்றவை. காரணம் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில். வேகம் கூடினால் உற்பத்தியாகும் வோல்ட்டேஜ் கூடும். அதே வேகத்தில் ஏசி அலைவெண்ணும் கூடும். அலைவெண் கூடினால் காயில் காட்டும் தடையும் அதே அளவு கூடும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுவதால் கரண்ட் உயர்வதில்லை. 28 துருவக் காந்தம் உள்ள ஹப்பில், 15 கி.மீ. வேகத்தில் அலைவெண் 27, 28 ஹெர்ட்ஸ்தான் இருக்கும்.

6 வோல்ட், 3 வாட் என்பது 12 ஓம் விளக்கு மாட்டி 15 கி.மீ. வேகத்தில் ஓட்டும்போது கிடைக்க வேண்டிய அளவு. ஜெர்மனியில் 2013 வரை சாதாரண சைக்கிளுக்கு டைனமோ விளக்கு சட்டப்படி கட்டாயம். அந்த விதிமுறையை ஒட்டித்தான் உலகமெங்கும் இந்த எண்கள் நிலைத்தன. ஒன்றுமே மாட்டாமல் அளந்தால் 20 வோல்ட் வருவது இயல்பு. இறக்கத்தில் 40 கி.மீ. வேகம் பிடித்தால் உச்சத்தில் 40 வோல்ட்டையும் தொடும். இரண்டு முனைகளையும் ஒன்றாக முறுக்கினாலும் ஹப் எரியாது. அதே அரை ஆம்பியர்தான் ஓடும். சுமை இல்லாத நிலையில்தான் ஆபத்து, அதுவும் ஹப்புக்கு இல்லை, அதோடு இணைத்திருக்கும் சர்க்யூட்டுக்கு.

போனை ஏற்ற, கடைகளில் விற்கும் டைனமோ சார்ஜர்கள் இறக்குமதி விலையில் இருக்கின்றன. வீட்டிலேயே செய்ய முடியுமா? 7805 ஐசி போதும் என்கிறார்கள். (திண்டுக்கல் வாசகர்)

செய்யலாம். 7805 வேண்டாம். வெளியீட்டை 5 வோல்ட்டில் நிறுத்தும் அந்த ஐசி மிஞ்சிய வோல்ட்டேஜைச் சூடாக்கித் தொலைக்கிறது. உள்ளே 0.4 ஆம்பியர் போனால் வெளியேயும் அதிகபட்சம் 0.4தான் வரும், நீங்கள் வேகமாக மிதிப்பதில் ஒரு பலனும் இல்லை. வோல்ட்டேஜைக் குறைத்து அதற்கேற்பக் கரண்டைக் கூட்டித் தரும் பக் கன்வர்ட்டர் அப்படியல்ல. 12 வோல்ட்டில் 0.4 ஆம்பியர் வாங்கி, 5 வோல்ட்டில் 0.8 ஆம்பியர் வரை கொடுக்கும்.

பாகங்கள்: நான்கு ஷாட்கி டயோடு (எஸ்பி560), ஒரு 2200 மைக்ரோஃபாரட் 63 வோல்ட் கெபாசிட்டர், எல்எம்2596 பக் மாடியூல் (பக் கன்வர்ட்டர் பலகை) ஒன்று, ஒரு சுவிட்ச், யுஎஸ்பி சாக்கெட். வழக்கமான 1என்4007 டயோடிலும் வேலை நடக்கும். ஆனால் ஒவ்வொரு அரை அலையிலும் இரண்டு டயோடு வழியாக மின்சாரம் போவதால், அதில் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் வீணாகும். ஷாட்கியில் முக்கால் வோல்ட்தான். கிடைப்பதே ஆறு வோல்ட் என்னும்போது இது பெரிய தொகை.

சுவிட்சை டைனமோவுக்கும், நான்கு டயோடும் சேர்ந்து ஏசியை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜுக்கும் நடுவில் வையுங்கள். பலரும் வெளியீட்டுப் பக்கம் வைக்கிறார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. போனைக் கழற்றிவிட்டு இறக்கத்தில் போகும்போது சுமையில்லாத டைனமோ 40 வோல்ட்டைத் தாண்டினால், எல்எம்2596 தாங்கும் எல்லை அதோடு முடிந்துவிடும். டைனமோ பக்கமே துண்டித்துவிட்டால் சர்க்யூட்டுக்கு எதுவும் போகாது. போன் நிறைந்து தானாகச் சார்ஜ் வாங்குவதை நிறுத்தினாலும் இதே நிலைதான் என்பதால், மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள் 60 வோல்ட் தாங்கும் எல்எம்2596எச்வி மாடியூல் வாங்குவது நல்லது. மாற்றாகச் சிலர், வோல்ட்டேஜ் 33ஐத் தாண்டாமல் பிடித்துவைக்கும் 33 வோல்ட் ஜீனர் டயோடு போடச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 33 வோல்ட், அரை ஆம்பியர், 16 வாட்டுக்கு மேல் சூடு. 5 வாட் ஜீனர் ஒரு நீண்ட இறக்கத்தில் கருகிவிடும்.

போனை மாட்டும் முன்னால் 12 வோல்ட் அடாப்டரை உள்ளீட்டில் கொடுத்து, மாடியூலின் திருகைத் திருப்பி வெளியீட்டைச் சரியாக 5.1 வோல்ட்டில் நிறுத்துங்கள். கடையிலிருந்து வரும் மாடியூல் எந்த வோல்ட்டில் நிற்கும் என்று சொல்ல முடியாது. அளக்காமல் மாட்டினால் போன் போய்விடும்.

யுஎஸ்பி சாக்கெட்டின் நடு இரண்டு டேட்டா முனைகளையும் ஒன்றாக இணைக்காதீர்கள். இணைத்தால் போன் அதைச் சுவர் சார்ஜர் என்று எடுத்துக்கொண்டு ஒன்றரை ஆம்பியர் வரை இழுக்கும். டைனமோவால் முடியாது, வோல்ட்டேஜ் சரிந்து எல்லாம் அணைந்துவிடும். திறந்து விட்டால் பெரும்பாலான போன்கள் அரை ஆம்பியரோடு நின்றுகொள்ளும். சில போன்கள் திறந்த முனைகளில் சார்ஜே ஏற்றாது. அவற்றுக்குப் பவர் பேங்க்தான் வழி.

எல்எம்2596க்கு உள்ளே ஆறரை வோல்ட்டாவது வேண்டும் என்பதால், சுமார் 15 கி.மீ. வேகம் வந்த பிறகுதான் இந்தச் சார்ஜர் ஒழுங்காக நிற்கும். மெதுவாக ஓட்டுகிறவர்களுக்கான வழி அடுத்தடுத்த பதில்களில் இருக்கிறது.

சார்ஜர் வேலை செய்கிறது. ஆனால் ஒவ்வொரு சிக்னலிலும் போன் திரை எரிந்து எரிந்து அணைகிறது. மாலையில் பார்த்தால் காலையில் இருந்ததைவிடச் சார்ஜ் குறைவு. (கோவை வாசகி)

நின்றால் மின்சாரம் இல்லை, கிளம்பினால் மறுபடி வருகிறது. ஒவ்வொரு முறையும் திரை எரிவதற்கே வந்ததெல்லாம் செலவாகிறது. போனை டைனமோவோடு நேராக இணைக்காமல், நடுவில் சிறிய பவர் பேங்க் வையுங்கள். டைனமோ பேங்கை நிரப்பட்டும். பேங்க் போனை நிரப்பட்டும்.

எந்த பேங்கும் சரிப்படும் என்று சொல்ல முடியாது. உள்ளே வாங்கிக்கொண்டே வெளியே கொடுக்க வேண்டும். மின்சாரம் போய் வந்தால் பொத்தானை அழுத்தாமலே தானாக எழ வேண்டும். 2 ஆம்பியர் கேட்டு அடம் பிடிக்கக் கூடாது. சோதிக்க எளிய வழி: பழைய கணினியின் யுஎஸ்பி 2.0 துளையில் பேங்கை மாட்டுங்கள். அது அரை ஆம்பியர்தான் கொடுக்கும், டைனமோவைப் போலவே. பேங்கிலிருந்து போனையும் மாட்டி, கணினிப் பக்க ஒயரைப் பத்து முறை கழற்றிக் கழற்றிச் செருகுங்கள். பத்து முறையும் பேங்க் சார்ஜ் வாங்க ஆரம்பித்தால் அது சைக்கிளுக்கு ஏற்றது. 5000 மில்லி ஆம்பியர் மணி அளவே போதும்.

எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 5000 மில்லி ஆம்பியர் மணி போன் பேட்டரியில் சுமார் 19 வாட் மணி இருக்கிறது. 15 முதல் 20 கி.மீ. வேகத்தில் கைக்கு வருவது இரண்டு, இரண்டரை வாட். இடையில் போகும் நஷ்டத்தையும் சேர்த்தால் காலியான போன் நிரம்ப எட்டு முதல் பத்து மணி நேரம் மிதிக்க வேண்டும். நெடுந்தூரம் போகிறவருக்கு இது பெரிய உதவி. தினமும் அரை மணி நேரம் அலுவலகம் போய்வருகிறவர் இதை நம்பி வீட்டுச் சார்ஜரை மறக்க முடியாது.

நான் ஓட்டுவது 12 கி.மீ. வேகத்தில்தான். டார்ச், ரேடியோவுக்கு ஏஏ பேட்டரி மட்டும் சார்ஜ் செய்தால் போதும். (தேனி வாசகர்)

மெதுவாக ஓட்டுகிறவருக்கு மிக நல்ல வழி இதுதான். பக் கன்வர்ட்டரே தேவையில்லை. நான்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களைத் தொடராக ஒரு செல் பெட்டியில் போட்டு, டயோடு பிரிட்ஜின் நேர் முனையைப் பெட்டியின் நேர் முனையிலும், எதிரை எதிரிலும் இணையுங்கள். கரண்டை டைனமோவே அரை ஆம்பியருக்குள் பிடித்துக்கொள்வதால் ரெசிஸ்டர்கூட வேண்டாம். நீங்கள் நின்றால் செல்களிலிருந்து மின்சாரம் திரும்பி ஓடாமல் அதே டயோடுகள் தடுக்கும்.

2000 மில்லி ஆம்பியர் மணி செல் என்றால், சராசரி 0.4 ஆம்பியரில், நஷ்டத்துக்கு நாற்பது சதவீதம் கூட்டி, ஏழு மணி நேர ஓட்டம். இதில் தானாக நிற்கும் வசதி கிடையாது. மணிக்கணக்கை ஒரு தாளில் குறித்துவாருங்கள். செல்லைத் தொட்டுப் பார்த்துக் கை பொறுக்காத சூடு தெரிந்தால் உடனே கழற்றுங்கள். நிரம்பிவிட்டது என்று அர்த்தம். பாதி தீர்ந்த செல்லையும் காலியானதையும் சேர்த்துப் போட்டால், முதலாவது சீக்கிரம் நிரம்பி வெந்துகொண்டிருக்கும். நான்கும் ஒரே வகை, ஒரே வயது, ஒரே நிலையில் இருக்கட்டும். ரீசார்ஜ் அல்லாத சாதாரண செல்லைத் தவறியும் போட்டுவிடாதீர்கள்.

18650 லித்தியம் செல்லை இதே மாதிரி நேராக இணைக்கலாமா? (சேலம் வாசகர்)

கூடாது. லித்தியம் செல் 4.2 வோல்ட்டில் நிற்க வேண்டும். டைனமோவுக்கு நிறுத்தத் தெரியாது. செல் வீங்கும், தீப்பிடிக்கவும் செய்யும். லித்தியம் செல்லை 4.2 வோல்ட்டில் நிறுத்தும் டிபி4056 சார்ஜர் மாடியூல் வழியாகவே ஏற்றுங்கள். அந்த மாடியூலையும் பிரிட்ஜோடு நேராக இணைக்க முடியாது, அது 8 வோல்ட் வரைதான் தாங்கும். பக் கன்வர்ட்டரின் 5 வோல்ட்டுக்குப் பின்னால் வைத்து, அதிலுள்ள 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 3 கிலோ ஓம் போடுங்கள். ஒரு ஆம்பியர் கேட்டுக்கொண்டிருந்தது 0.4 ஆம்பியருக்கு இறங்கிவிடும்.

டயரில் உரசும் பழைய பாட்டில் டைனமோவில் இதெல்லாம் நடக்குமா? (விருதுநகர் வாசகர்)

நடக்கும். நோக்கியா 2010இல் நைரோபியில் அறிமுகம் செய்த சைக்கிள் சார்ஜர் பாட்டில் டைனமோவில்தான் இயங்கியது. மிதிப்பது கனமாக இருக்கும், மழையில் உருளை வழுக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பாட்டில் டைனமோவின் ஒரு முனை சைக்கிள் பாடியேதான். பிரிட்ஜின் எதிர் முனையோ, யுஎஸ்பி சாக்கெட்டின் உலோக உறையோ பாடியில் பட்டால் ஒரு டயோடு ஷார்ட் ஆகி, பாதி அலை வீணாகும். சார்ஜ் பாதியாகக் குறைந்தால் முதலில் இதைத்தான் தேட வேண்டும். சர்க்யூட்டைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் பாடியிலிருந்து முழுதாகப் பிரித்து வையுங்கள். சில ஹப்களிலும் ஒரு முனை அச்சோடு சேர்ந்திருக்கும், மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவில் விளக்கும் எரிய, போனும் ஏறுமா?

மூன்று வாட்டை இருவருக்குப் பங்கு போட்டால் விளக்கு மங்கும். இரவில் வெளிச்சம்தான் முக்கியம், சார்ஜரை அணைத்துவிடுங்கள்.

28 அங்குலப் பழைய சைக்கிளில் ஹப் டைனமோ பொருத்த முடியுமா? (காரைக்குடி வாசகர்)

வாங்குவதற்கு முன் மூன்று அளவு எடுங்கள். ஒன்று, ரிம்மின் துளைகள். நம் பழைய சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கு 32, பின்னால் 40 என்பது வழக்கம். 36 துளை ஹப் வாங்கினால் மாட்ட முடியாது. இரண்டு, ஃபோர்க்கின் உள் அகலம். ஹப்புக்கு 100 மி.மீ. வேண்டும், பழைய ஃபோர்க்கில் குறைவாகவே இருக்கும். சில மில்லிமீட்டர் என்றால் மெக்கானிக் பக்குவமாக விரித்துக்கொடுப்பார். மூன்று, அச்சு போகும் வெட்டின் அகலம். டைனமோ அச்சு தடிமன் அதிகம். கொஞ்சம் அரம் போட வேண்டியிருக்கும், இரண்டு பக்கமும் சமமாக. டைனமோ ஹப்பின் விளிம்பு பெரியது என்பதால் பழைய போக்ஸ் கம்பி நீளம் ஒத்துவராது. புதுக் கம்பி வாங்கி, பெண்டு எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள்.

அச்சு நட்டுகளை நன்றாக முடுக்க வேண்டும். தளர்ந்தால் அச்சே சுழன்று ஒயரைப் பிய்த்துவிடும். ஹேண்டில் திரும்பும் இடத்தில் ஒயரைக் கொஞ்சம் தொங்கலாக விடுங்கள். இழுத்துக் கட்டிய ஒயர் சில மாதங்களில் உள்ளேயே அறுந்து, வெளியே பார்த்தால் நன்றாக இருப்பதுபோல் தெரியும். பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்றும் முன் ஹப்பின் இணைப்பைப் பிரித்துவிடுங்கள். கிரீஸ் போடுகிறேன் என்று ஹப்பைப் பிரிக்க யாரையும் விடாதீர்கள். குறிப்பாகப் பழைய ஸ்டர்மி ஆர்ச்சர் டைனோஹப் கையில் இருந்தால், காயிலைக் காந்த வளையத்திலிருந்து வெளியே எடுத்த உடனே அந்தக் காலத்துக் காந்தம் வலுவிழந்துவிடும். திரும்ப மாட்டினாலும் பழைய வெளிச்சம் வராது.