மேட்டூர் எத்தனை அடி?

"ஓர் இந்திய இளைஞராக, குடும்பம், நாடு, நட்பு பற்றி உங்களுக்குத் தோன்றும் வேடிக்கையான எண்ணங்கள் என்ன?" என்பது கேள்வி.

எங்கள் வீட்டில் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பேசும் வழக்கம் கிடையாது. மூன்றும் ஒரே போனில் வந்துவிடும். "சாப்பிட்டியா?" என்று அம்மா ஆரம்பிப்பார். பின்னாலிருந்து அப்பா, "அங்க மழை இருக்கான்னு கேளு" என்பார். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் திருவாரூர் மாவட்டம் நன்னிலம் தாலுகா, பேரளத்துக்குப் பக்கம். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. பெங்களூரில் எவ்வளவு கொட்டினாலும் மேட்டூர் அணைக்குப் பெரிதாக ஒன்றும் வராது, குடகிலும் வயநாட்டிலும் பெய்தால்தான் உண்டு என்பது அப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தாலும் பையன் கர்நாடகாவில் இருக்கிறான், ஏதாவது பார்த்துச் சொல்வான் என்று ஒரு நப்பாசை. ஊரில் மற்றவர்களெல்லாம் பிள்ளையை சாஃப்ட்வேர் வேலைக்கு அனுப்பினார்கள். அப்பா தலைமடைக்கு ஆள் போட்டிருக்கிறார்.

டீக்கடையில் பேப்பர் வந்ததும் அவர் கண் போகும் இடம் நீர்மட்டம், நீர்வரத்து, நீர் திறப்பு மூன்றும் போட்டிருக்கும் சின்னக் கட்டம். தேர்தல் முடிவு வந்த மறுநாளும் அதைப் பார்த்துவிட்டுத்தான் முதல் பக்கம். முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) என்பது எனக்குப் பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு முன்பே மனப்பாடம். ஜூன் 12 அணை திறந்தால் குறுவை நெல் உண்டு, வீட்டில் சத்தமும் உண்டு. திறக்காவிட்டால் அப்பா அதிகம் பேசமாட்டார், அம்மா அதற்கும் சேர்த்துப் பேசுவார். என் தங்கை எப்போது பிறந்தாள் என்று அப்பாயியைக் கேட்டால் "குறுவையே வெக்காத வருஷம்" என்று சொல்லும். தேதி, மாதமெல்லாம் ஆதார் கார்டுக்காரர்கள் கவலை.

இனி நண்பர்கள். பெங்களூரில் நாலு பேர் ஒரு வீட்டில் இருக்கிறோம். ஒருத்தன் மண்டியா. வீட்டில் கரும்பும் ராகியும் போடுகிறார்கள். ஒருத்தன் வயநாடு, மானந்தவாடி. ஒருத்தன் காரைக்கால். நாலாவது நான். பெயரெல்லாம் வீட்டு ஒப்பந்தத்தில் மட்டும்தான், கூப்பிடுவது ஊர் பெயரை வைத்து. யாரும் திட்டம் போட்டுச் சேரவில்லை, வாடகைக்கு ஆள் தேடியதில் அப்படி அமைந்தது. குடிவந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு ராத்திரி காரைக்கால்தான் எழுந்து உட்கார்ந்து சொன்னான்: "டேய், காவிரி கேஸ்ல உள்ள நாலு பார்ட்டியும் இந்த ஹால்லதான்டா படுத்திருக்கு."

யோசித்தால் உண்மை. கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி.

2024 மார்ச்சில் பெங்களூரில் போர்வெல் வற்றி ஊரே டேங்கர் பின்னால் ஓடிய சமயம், எங்களுக்கும் காலையில் கொஞ்ச நேரம்தான் குழாயில் தண்ணீர் வந்தது. உடனே வீட்டில் நடுவர் மன்றம் கூடியது. 2018 பிப்ரவரி 16 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் போனில் தேடி எடுத்தோம். தமிழ்நாட்டுக்கு 404.25 டிஎம்சி, கர்நாடகாவுக்கு 284.75, கேரளாவுக்கு 30, புதுச்சேரிக்கு 7. இதே விகிதத்தில் பக்கெட்டைப் பிரிப்போம் என்று நான் தீர்மானம் கொண்டுவந்தேன். வயநாட்டுக்கு ஒரு மக் வந்தது. காரைக்காலுக்குப் பல் விளக்கக்கூடக் காணாது. மண்டியா நிதானமாகப் பேசினான். "அந்த 404ல பாதிக்கு மேல உங்க ஊர்லயே கிடைக்கிற தண்ணி. எல்லையில பிலிகுண்டுலுல நாங்க குடுக்கவேண்டியது 177.25தான். மிச்சத்துக்கு நீ மொட்டை மாடியில பக்கெட்டை வெச்சிட்டு மழைக்கு வெயிட் பண்ணு." தீர்ப்புப்படி அவன் சொல்வது சரி என்பதால் எனக்குப் பதில் வரவில்லை. "கபினி ஆத்துக்குத் தண்ணி அனுப்புறதே நாங்கதான், எனக்கு ஒரு மக்கா?" என்று வயநாட்டான் கோபித்துக்கொண்டு மீதிப் பக்கெட்டைத் தூக்கிப்போய்க் குளித்துவிட்டான். அதோடு மன்றம் கலைந்தது.

இன்று சிரிக்கிறோம். அதற்கு முந்தைய 2023 செப்டம்பரில் அவ்வளவு சிரிப்பு இல்லை. 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டு வண்டிகள் எரிந்ததைப் பள்ளிக்கூடத்துப் பையனாக டிவியில் பார்த்தவன் நான். அங்கேயே வேலை கிடைத்தது என்றதும் அம்மா சம்பளம் கேட்கவில்லை, "வேற ஊர்ல கெடைக்கலையா?" என்றார். 2023ல் மறுபடி தண்ணீர்ச் சண்டை. செப்டம்பர் 26 பெங்களூர் பந்த், 29 கர்நாடக பந்த். மண்டியாவின் அப்பா அவர்கள் ஊர்ப் போராட்டப் பந்தலில், தமிழ்நாட்டுக்கு ஒரு சொட்டு விடக்கூடாது என்று உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊரில் குறுவை கருகிக்கொண்டிருந்தது. அக்டோபர் 11 டெல்டா முழுக்கக் கடையடைப்பு. என் அப்பா தண்ணீரைத் திறந்துவிடு என்று மறியலில்.

பெங்களூர் பந்த் அன்று காலை மண்டியாவுக்கு அவன் அப்பா பந்தலிலிருந்தே போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டான். பின்னால் மைக்கில் கோஷம் காதைக் கிழிக்கிறது, அதற்கு மேல் இவர் கத்துகிறார். "அந்தத் தஞ்சாவூர்ப் பையனை வெளியே விடாதே. சாப்பாடு நீ போய் வாங்கிட்டு வா. அவனுக்குத் தயிர் இல்லாம எறங்காது, அதையும் பார்த்து வாங்கு." சொல்லி முடித்த மூச்சிலேயே திரும்பிக் கோஷத்தில் சேர்ந்துகொண்டார். எதிர்த்துக் கோஷம் போடுபவரே தயிருக்கும் ஏற்பாடு செய்கிறார். எனக்கு இந்தியா என்றால் இப்போது முதலில் ஞாபகத்துக்கு வருவது இந்தப் போன்தான். இதை ஊரில் எங்கள் வீட்டில் சொன்னபோது அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தாளு நல்ல மனுஷனாத்தான் இருக்காரு. தண்ணி மட்டும் விடமாட்டேங்குறாரு" என்றார்.

(அவர் என்னைத் தஞ்சாவூர் என்றுதான் சொல்வார். எங்கள் பகுதி 1991ல் நாகப்பட்டினம் மாவட்டமாகி 1997ல் திருவாரூர் மாவட்டமான கதையைச் சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் உங்கள் உள்வீட்டு விவகாரம் என்கிற மாதிரி கேட்டுக்கொண்டார்.)

2024ல் ஜூன் 12 அணை திறக்கவில்லை. ஜூலையின் முதல் பாதியில் மேட்டூரில் 40 அடியை ஒட்டித்தான். அப்பாவின் போன்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. பிறகு மேலே பிடித்தது பாருங்கள் மழை. கர்நாடகாவில் கபினி அணை நிரம்பியது, கிருஷ்ணராஜ சாகர் அணையும் நிரம்பியது. மதகிலிருந்து தண்ணீர் வெள்ளையாகக் கொட்டும் படத்தை மண்டியா எனக்கு அனுப்பி, கீழே எழுதியிருந்தான்: "வீட்டுக்குப் பார்சல் போட்டாச்சு. அப்பாவை வாங்கி வெக்கச் சொல்லு." அதை அப்படியே அப்பாவுக்குத் தள்ளிவிட்டேன். ஜூலை 28 மேட்டூர் திறந்தார்கள், 30ஆம் தேதி 120 அடி. அதே 30ஆம் தேதி விடியற்காலையில்தான் வயநாட்டில் மலை சரிந்தது. நம்ம வயநாட்டான் வீட்டுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் தெரிந்தவர்களைத் தேடி நாள் முழுக்கப் போனைக் காதிலேயே வைத்திருந்தான். மேட்டூர் நிரம்பிய சேதியை அன்று யாரும் அவன் முன்னால் எடுக்கவில்லை. அப்பாகூட இரவில் போன் செய்து, "அந்தக் கேரளத்துப் புள்ள வீடு எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்டார்.

அதற்குப் பிறகு ஒரு மாசியில், மண்டியாவின் அம்மாவுக்குத் திருநள்ளாறு வேண்டுதல் என்று அவனும் அப்பா அம்மாவுமாக மூவரும் கிளம்பி வந்தார்கள். மைசூரிலிருந்து மண்டியா, பெங்களூர் வழியாக மயிலாடுதுறைக்கே ரயில் இருக்கிறது. சாயங்காலம் ஏறினால் காலையில் எங்கள் ஊர்ப் பக்கம். நடுராத்திரி எங்கேயோ காவிரியைத் தாண்டும், யாரும் எழுந்து பார்ப்பதில்லை. வந்தவர்கள் கையில் ஒரு மூட்டை ராகி மாவு, சொந்தக் கரும்பில் காய்ச்சிய வெல்லம். அம்மா இட்லியும் தொட்டுக்கொள்ளக் கடப்பாவும் செய்திருந்தார். கன்னடம் தெரியாத குறையைச் சத்தத்தால் சரிக்கட்டலாம் என்பது அம்மாவின் நம்பிக்கை. "இன்னும் ரெண்டு வெக்கட்டுமா?" தெருக்கோடி வரை கேட்டது. மண்டியாவின் அம்மா எதற்கும் தலையாட்டியபடி இருந்ததால் பாவம் ஏழெட்டு இட்லி சாப்பிட வேண்டியதாயிற்று.

அப்பாக்கள் இருவரும் வயலுக்குப் போனார்கள். மொழிபெயர்க்க நானும் அவனும் பின்னாலேயே போனோம். எங்களுக்கு வேலையே வரவில்லை. சம்பா அறுவடை முடிந்து நெல் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. மண்டியாக்காரர் குனிந்து நாலு மணியை எடுத்து, உமி தள்ளி, ஒன்றைக் கடித்தார். இன்னும் காயணும் என்று கையை ஆட்டினார். அப்பாவுக்கு முகமெல்லாம் பல். தானும் ஒன்றைக் கடித்துக் காட்டி, பத்து விரலையும் விரித்து, பிறகு ஏழு விரலைக் காட்டினார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள் என்று அர்த்தம். அவர் ஆமாம் ஆமாம் என்று தன் பங்குக்குக் கரும்பாலை, எடை, நிலுவைப் பணம் என்று ஏதோ ஆரம்பித்தார். இரண்டு மாநில விவசாயிகள் புலம்ப உட்கார்ந்தால் நடுவில் மொழி எதற்கு. கட்டிலைப் போட்டு ஒரு மணி நேரம் பேசினார்கள்.

அடுத்து அவருக்குக் காவிரி கடலில் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். "எங்க தண்ணியை நீங்க சும்மா கடல்ல விடுறீங்க" என்பது அவர்கள் பக்கம் எப்போதும் சொல்லும் குற்றச்சாட்டு. ஸ்தலத்துக்கே போய் விசாரிக்க வந்திருக்கிறார் மனிதர். பூம்புகார் கூட்டிப் போனோம். வழியில் அரசலாறு, வீரசோழன் என்று எது வந்தாலும் "இதானா, இதானா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் நிஜமான முகத்துவாரத்தைக் காட்டியதும் அப்படியே நின்றுவிட்டார். கிருஷ்ணராஜ சாகர் இருக்கும் கன்னம்பாடியில் அகலமாகப் பார்த்தவருக்கு இது ஓடை. "வெள்ளம் வந்தா கொள்ளிடத்துல போயிரும். இங்க வந்து சேர்றது இவ்ளோதாங்க" என்றார் அப்பா, ஏதோ தன் வீட்டுச் சமையல் சரியில்லாத மாதிரி கூச்சத்தோடு. அவர் போனை எடுத்து நாலு பக்கமும் படம் பிடித்து, ஊர் விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். உடனே பதில் வந்தது. மண்டியா படித்துச் சொன்னான்: "அது காவிரி இல்லை, ஏதோ வாய்க்கால். தமிழ்நாட்டுக்காரங்க உங்களை ஏமாத்துறாங்க."

மனிதருக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டுமே. கரையில் நின்றபடியே அந்தக் குழுவில் எங்களுக்காக வாய்ஸ் மெசேஜில் வாதாடினார்.

திருநள்ளாற்றில் காரைக்கால்காரன் வந்து சேர்ந்துகொண்டான். பேரளத்திலிருந்து கொஞ்ச தூரம்தான், ஆனால் நடுவில் மாநிலம் மாறிவிடும். அப்பா வண்டிக்குப் பெட்ரோல் அந்தப் பக்கம் போய்த்தான் போடுவார், விலை குறைவு. மண்டியாவின் அப்பாவுக்கு இது புரியவே இல்லை. தமிழ்நாட்டுக்குள் இருக்கும் ஊர் எப்படிப் புதுச்சேரி? பிரெஞ்சுக்காரன் இருந்தான் என்று காரைக்கால் விளக்கினான். "1947ல நீங்கள்லாம் கொடி ஏத்தினப்ப எங்களுக்கு பிரான்ஸ். 1954 அக்டோபர்ல கீழூர்ல ஓட்டு எடுத்தாங்க, 178 மக்கள் பிரதிநிதிங்கள்ல 170 பேர் இந்தியான்னு போட்டாங்க. நவம்பர் 1 இந்தியாவுக்கு வந்துட்டோம். சட்டப்படி எழுதிக் குடுத்தது 1962 ஆகஸ்ட் 16." இதனால் அவனுக்குக் கிடைத்த லாபம், ஊரில் ஆகஸ்ட் 15, 16 இரண்டு நாளும் விடுமுறை. எங்கள் வீட்டிலேயே நாட்டுப்பற்று அதிகம் உள்ளவன் தான்தான் என்பான். நாங்களெல்லாம் பிறந்ததால் இந்தியர்கள், அவன் ஊர் யோசித்து ஓட்டுப்போட்டு வந்ததாம். எதிர்த்து ஓட்டுப்போட்ட அந்த எட்டுப் பேரைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவான்.

இப்போதைய நிலவரம், எங்கள் நாலு பேரைத் தாண்டிப் பெரியவர்கள் நேரடியாகப் பேசிக்கொள்கிறார்கள். நான் மழை சேதி சொன்னால் "தெரியும், மண்டியாக்காரரு காலையிலயே சொல்லிட்டாரு" என்று அப்பா வெட்டிவிடுகிறார். தலைமடையில் எனக்கு இருந்த வேலையும் போய்விட்டது. அம்மா ராகிக் களி கிண்டப் பழகி, அப்பாயி ஒருத்திக்குத்தான் பிடித்திருக்கிறது.

வருகிற ஜூனில் மண்டியாவின் அக்காவுக்குக் கல்யாணம், இரண்டாம் வாரத்தில் முகூர்த்தம். அப்பாவுக்குத் தர்மசங்கடம். அணை திறக்கிற சமயம், நாற்றங்கால் வேலை கிடக்கும், அப்போது எப்படி ஊரை விட்டுக் கிளம்புவது என்று போனில் இழுத்தார். மறுமுனையில் மண்டியாக்காரர் சிரித்த சிரிப்பு அடுப்படி வரை கேட்டதாம். மகனை விட்டு மொழிபெயர்க்கச் சொன்னார்: "தண்ணியை நாங்க விட்டாத்தானே உங்களுக்கு வேலை? நீங்க முதல்ல கல்யாணத்துக்கு வந்து சேருங்க."

போவதற்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. திரும்புவதற்கு இன்னும் போடவில்லை.