சுவரில் உப்புப் பூக்கிறது, மறுபடி பெயிண்ட் அடிக்கலாமா?

கேள்வி: எங்களுடையது பன்னிரண்டு ஆண்டுப் பழைய தரைத்தள வீடு. படுக்கையறைச் சுவரில் தரையிலிருந்து இரண்டரை அடிவரை பெயிண்ட் பொரிந்து வெள்ளைப் பொடியாக உதிர்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. இரண்டு முறை பெயிண்ட் அடித்தும் பயனில்லை. இப்போது வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடிக்கச் சொல்கிறார் பெயின்டர். அடிக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பொடி உப்பு. செங்கல், சிமென்ட், மண் ஆகியவற்றில் உள்ள உப்பைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு சுவரின் மேற்பரப்புக்கு வருகிறது. தண்ணீர் காய்ந்துவிட, உப்பு பெயிண்டுக்கு அடியில் படிகமாகி அதை வெளியே தள்ளுகிறது. காற்றுப் புகாத பெயிண்டால் அந்த இடத்தை மூடினால், ஈரம் இன்னும் மேலே ஏறி வேறு இடத்தில் தலைகாட்டும். காசுதான் நஷ்டம்.

உங்கள் வீட்டில் சந்தேகம் இரண்டின் மீது: தரை ஓதம், குளியலறை. அஸ்திவாரத்துக்கு மேல் ஓதத் தடுப்பு (டி.பி.சி.) சரியாகப் போடாத வீட்டில் ஈரம் பெரும்பாலும் மூன்று அடிக்குள் நின்றுவிடும், பல சுவர்களிலும் கோடு போட்டதுபோல் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் தெரியும். குளியலறைச் சுவரில் மட்டும் திட்டாக இருந்தால் குற்றவாளி குளியலறைதான்.

அங்கே நான் முதலில் பார்ப்பது டைல்ஸ் இடுக்கை. ஆசிட் ஊற்றித் தேய்க்கும் வீடுகளில் இடுக்கிலுள்ள சிமென்டை ஆசிட் அரித்துவிடும். தீக்குச்சி முனை நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் குளிக்கும் தண்ணீரும் நுழைகிறது. தரையில் தண்ணீர் வெளியேறும் துளையின் விளிம்பையும் தடவிப் பாருங்கள். குழாய்க் கசிவை அறிய, இரவில் மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, எந்தக் குழாயையும் திறக்காமல் விட்டுக் காலையில் பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால் ஃப்ளஷ் தொட்டி ஒழுகுகிறதா என்பதை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு சுவரை உடையுங்கள்.

ஈரம் சுவிட்ச் பெட்டியை எட்டியிருந்தால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

கசிவை அடைத்த பின், கறைக்கு மேலே ஓரடிவரை பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் தெரிய சில வாரங்கள் காயவிடுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளுங்கள்; கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். புதுப் பூச்சு காய்ந்ததும் ஓரடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் துளி கோத்திருந்தால் பெயின்டரை இன்னும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள்.