பத்து வருடப் பத்திரம்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

எங்கள் ஊர் குமரி மாவட்டம் அருமனைப் பக்கம். வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டப் போகிறார், நான் தையல். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை மிஷன் பள்ளியில் படித்தாள். அது அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டார்கள். நீட் மதிப்பெண்ணுக்குத் தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம்தான் கிடைக்கும்போல. வருடம் நாலரை லட்சம், ஹாஸ்டல் தனி. ஒரு தனியார் மருத்துவமனைக்காரர்கள் முழுச் செலவையும் ஏற்கிறோம், படித்து முடித்து 10 வருடம் எங்களிடம் வேலை பார்க்கட்டும் என்கிறார்கள். நடுவில் போனால் 50 லட்சம் கட்ட வேண்டும். கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை இரண்டு கேட்கிறார்கள், அசல் சான்றிதழ்களும் அவர்களிடமே இருக்குமாம். போதகர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சிஎம்சி) சபை ஸ்பான்சர் பண்ணும் என்றார். தம்பி ராணுவக் கல்லூரியில் எல்லாம் இலவசம் என்கிறான். எங்களுக்கு இருப்பது 40 சென்ட் ரப்பர் விளை. மகள், "போடுங்கம்மா, நான் பார்த்துக்கிறேன்" என்கிறாள். என்ன செய்ய?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சிக்கு,

இந்தப் பத்திரம் இப்போது இருக்கிற வடிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

படிக்க வைத்துவிட்டு வேலை கேட்பது தப்பில்லை. நம்ம மாவட்டத்துக்கு அது புதிதும் இல்லை. நெய்யூரில் 1838-ல் ஆர்ச்சிபால்டு ராம்சே தொடங்கிய மருத்துவப் பணியில், 1860களில் ஜான் லோ என்ற டாக்டர் உள்ளூர்ப் பையன்களுக்கு வகுப்பு எடுத்துப் பயிற்சி கொடுத்துக் கிளை மருந்தகங்களுக்கு அனுப்பினார். ஆனால் அப்படிக் கேட்பதில் ஒரு அளவு இருக்க வேண்டும். அமெரிக்காவில் ராணுவம் மருத்துவ மாணவர்களுக்குக் கொடுக்கிற உதவித்தொகையிலும் சரி, டாக்டர் கிடைக்காத ஊர்களுக்குப் போவதற்காக அந்த அரசு கொடுக்கிற உதவித்தொகையிலும் சரி, அடிப்படைக் கணக்கு ஒரு வருடச் செலவுக்கு ஒரு வருட வேலை. உங்களிடம் கேட்பது ஏறக்குறைய அதில் இரண்டு மடங்கு. ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து அவர்களுக்கு 25 லட்சம் பக்கம் செலவாகும், நடுவில் போனால் நீங்கள் கட்டுவது 50 லட்சம், அதுவும் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டுப் போனாலும் அதே 50 லட்சமா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அதை முதலில் கேளுங்கள்.

அப்புறம் மகளின் வயதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். படிப்பு நாலரை வருடம், பயிற்சி மருத்துவராக ஒரு வருடம், 23 வயதில் வெளியே வருவாள். அதிலிருந்து 10 வருடம் என்றால் 33. நடுவில் எம்டி, எம்எஸ் படிக்க விடுவார்களா, விட்டால் அந்த மூன்று வருடம் பத்தில் கழியுமா, சம்பளம் எவ்வளவு, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனால் என்ன, ஒரு பரீட்சையில் தவறினால் பணம் நிற்குமா, அந்த மருத்துவமனையே கைமாறினால் யாருக்கு வேலை பார்ப்பது? இதெல்லாம் எழுத்தில் இல்லையென்றால் பிறகு அவர்கள் சொல்வதுதான் சட்டம் என்று ஆகிவிடும்.

"நான் பார்த்துக்கிறேன்" என்று மகள் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவளுக்கு 18 ஆகவில்லை என்றால் அவள் போடும் கையெழுத்து சட்டப்படி செல்லாது, 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் மைனரை ஒப்பந்தம் போட அனுமதிப்பதில்லை. அதாவது மாட்டிக்கொள்வது நீங்களும் வீட்டுக்காரரும்தான். ஒருத்தரைக் கட்டாயப்படுத்தி வேலை பார்க்க வைக்க நீதிமன்றம் உத்தரவு போடாது, பணம்தான் கேட்க முடியும், அதிலும் பத்திரத்தில் 50 லட்சம் என்று போட்டிருப்பதாலேயே முழுசாகக் கிடைத்துவிடாது, நியாயமான இழப்பீடு எவ்வளவு என்று நீதிமன்றம் பார்க்கும். அதனால்தான் அவர்கள் வெற்றுக் காசோலை கேட்கிறார்கள். அதில் ஒரு தொகையை எழுதி வங்கியில் போட்டு, பணமில்லாமல் திரும்பினால் அது காசோலை மோசடி வழக்கு, கிரிமினல் வழக்கு. அசல் சான்றிதழும் அப்படித்தான். அது கையில் இல்லாமல் மேற்படிப்புக்குச் சேர முடியாது, வேறு வேலைக்கும் போக முடியாது. சான்றிதழ் விற்று வாங்குகிற பொருள் இல்லை, அதைப் பிணையாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இந்த இரண்டையும் கேட்கிற இடத்தில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

தம்பி சொல்லும் புனே ராணுவ மருத்துவக் கல்லூரி நல்ல வழிதான், ஆனால் நாடு முழுவதற்கும் பெண்களுக்கு 30 இடம், மிக உயர்ந்த மதிப்பெண் வேண்டும். தனியார் கல்லூரி இடம் கிடைக்கிற மதிப்பெண்ணுக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம்.

சிஎம்சி வேறு விஷயம். அங்கேயும் போட்டி கடுமை, சபையின் ஸ்பான்சர் கடிதத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பித்திருக்க வேண்டும், இந்த வருடம் காலம் கடந்திருக்கலாம், போதகரிடம் நாளைக்கே கேளுங்கள். ஆனால் அந்த ஒப்பந்தத்தை நான் மதிக்கிறேன். கட்டணம் குறைவு, படித்து முடித்து இரண்டு வருடம் மிஷன் மருத்துவமனையில் வேலை. அந்த இரண்டு வருடத்தில் பிரசவமும் விபத்தும் பாம்புக்கடியும் பார்த்து ஒரு இளம் டாக்டர் கற்றுக்கொள்வது நிறைய. எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேய டாக்டர் சாமர்வெல் லண்டன் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நெய்யூருக்கு வந்து எத்தனையோ வருடம் அறுவை சிகிச்சை செய்தார், பிற்பாடு வேலூரில் பாடமும் நடத்தினார். அவரிடம் யாரும் பத்திரம் எழுதி வாங்கவில்லை. எல்லாரும் அவரைப் போல இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். ஆனால் செய்யப் போகிற வேலை பிடித்திருந்தால் வருடங்கள் கனக்காது. மகளிடம் நீங்கள் கேட்க வேண்டியது அதைத்தான்: பணத்தை விடு, அந்த மருத்துவமனையில் அந்த வேலையைச் செய்ய உனக்கு ஆசை இருக்கிறதா?

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கல்விக் கடன் வாங்குவேன். ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணை கேட்க மாட்டார்கள், அதற்கு மேல் விளையின் ஆதாரத்தை, அதாவது நிலப் பத்திரத்தை, அடமானம் வைக்க வேண்டிவரும். பயமாக இருக்கும், தெரியும். 25 லட்சம், 10 சதவீத வட்டி, 15 வருடத் தவணை என்று வைத்துப் பார்த்தால், படிக்கும் காலத்து வட்டியும் சேர்ந்து மாதம் 37,000 ரூபாய் பக்கம் வரும். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை தொடங்காது. அரசு உதவி மருத்துவருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளமே 56,100 ரூபாய், படிகள் தனி. எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி அரசு வேலையில் சேர்ந்தால், மேற்படிப்பில் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 50 சதவீதம் தமிழ்நாட்டு அரசு மருத்துவர்களுக்கு இருக்கிறது, 2020-ல் உச்ச நீதிமன்றமும் மாநிலங்கள் அப்படி ஒதுக்கலாம் என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. வங்கிக்கு வேண்டியது மாதத் தவணை. அவள் ஆசாரிப்பள்ளத்தில் வேலை பார்க்கிறாளா தேனியில் பார்க்கிறாளா என்று அவர்கள் கேட்க மாட்டார்கள்.

மருத்துவமனைக்காரர்கள் இறங்கி வந்தால், அதாவது ஐந்து வருடம், வருடத்துக்கு வருடம் குறைகிற தொகை, எழுத்தில் சம்பளம், மேற்படிப்புக்கு இடைவெளி, காசோலையும் சான்றிதழும் இல்லை என்றால், அப்போது மகளோடு உட்கார்ந்து யோசிக்கலாம். எதுவானாலும் பத்திரத்தின் நகலை வாங்கிக்கொண்டு நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நீங்களே நேரில் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் ஆலோசனை கொடுப்பார்கள். கவுன்சலிங் தேதிக்கு முன்னால் போய்விடுங்கள்.

அன்புடன்,
அக்கா