புல்தரையை வெட்டிய பிறகு அந்தப் புல்லை என்ன செய்வது?

பாளையங்கோட்டைப் பக்கம் வீட்டு முன்னால் புல்தரை போட்டவர்கள் வெட்டிய புல்லைச் சாக்கில் அள்ளிக் குப்பை வண்டிக்குக் கொடுப்பதைப் பார்க்கிறேன். வேண்டாம், அங்கேயே விடுங்கள்.

வெட்டுப்புல் என்பது புல்லின் இளநுனி. முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், மீதியில் தழைச்சத்து நிறைய. அதனால் சீக்கிரம் மக்கி வேருக்கே திரும்பிப் போகும். நடவுக்கு முன்னால் வயலில் பசுந்தாள் உரச் செடியான கொழிஞ்சியை மடக்கி உழுகிறோமே, அதே கணக்குதான். இங்கே உழவுதான் கிடையாது.

ஆனால் ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. ஐப்பசி மழையில் வளரவிட்டு ஈரத்தோடு மொத்தமாக வெட்டினால் திட்டுத் திட்டாகக் கட்டிக்கொண்டு, அடியில் இருக்கும் புல் மஞ்சளாகிவிடும். அப்படி ஆனால் வாரி, வெயிலில் காயப்போட்டு, தென்னை, வாழை மூட்டில் மூடாக்காகப் பரப்பலாம். பச்சையாகக் குவித்தால் இரண்டே நாளில் உள்ளே கைவைக்க முடியாத சூடு, அப்புறம் புளித்த நாற்றம். (களைக்கொல்லி அடித்த புல்லைக் காய்கறிப் பாத்திப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.)

வெட்டுப்புல் கிடந்தால் தரையில் மெத்தைபோல் சருகு கட்டிவிடும் என்று பயப்படுகிறார்கள். அந்த மெத்தை பெரும்பாலும் மக்காத தண்டும் வேரும் சேர்ந்து வருவது. இலைநுனி அதற்கு வெகு முன்பே மக்கிப் போயிருக்கும்.